கஞ்சித் தொட்டியும் கீரைப் பாத்தியும்

வடசென்னையில் இராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி மருத்துவமனையை அப்பகுதி முதியோர் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்று வழங்குவர். நோய் தீர்க்கும் இடத்திற்குக் கஞ்சியின் பெயர் வந்தது எவ்வாறு? 1780-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படை கருநாடகத்துட் புகுந்தது. ஊர்கள் எரிந்தன, விளைநிலங்கள் பாழாயின. பசித்த மக்கள் திரள் திரளாகச் சென்னையை நாடி வந்தனர். 1782-இல் அவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்கென நகரின் வடமதிலையடுத்து ஓர் அறநிலையம் தோன்றியது. மணியக்காரர் சத்திரம் என்பது அதன் பெயர். 1799-இல் அதன் அருகே மருந்தகமும் அமைந்தது. அம்மருந்தகமே வளர்ந்து வளர்ந்து பெரிய மருத்துவமனையாயிற்று. 1938-இல் அதனோடு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் ஏற்பட்டது. பசியும் பிணியும் உடன்பிறந்தவை அல்லவா? கஞ்சித் தொட்டியின் பக்கத்தில் மருந்துச் சாலை எழுந்ததில் வியப்பில்லை.

கஞ்சி உயிரைக் காக்கும். எனினும் அஃதொன்றே உடலை நெடுநாள் காவாது. அரிசியைக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கலாம். கப்பலில் ஏற்றித் தொலைநாட்டிலிருந்தும் கொணரலாம். ஆதலின் பஞ்சக் காலத்து ஈகை பெரும்பாலும் தானிய ஈகையாகவே இருந்தது. கீரையின் இயல்பு வேறு. காலையில் பறித்த கீரை மாலையில் வாடிவிடும்.

தானியம் மட்டும் போதாது என்பதை எடுத்துரைத்தவருள் மருத்துவர் கார்னிஷ் ஒருவர். அவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையாளராக இருந்தவர். தாது வருடத்துப் பெரும் பஞ்சத்தின்போது, 1877-இல், சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி நிவாரணக் கூலியைக் குறைத்தார். கடும்வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதனுடன் சிறிது காசும் போதும் என்பது அவர் கணக்கு. கார்னிஷ் இதனை மறுத்தார். தானியத்தின் அளவைக் கூட்டவேண்டும் என்றும், காய்கறியும் புரதம் உள்ள உணவும் சேர்க்கவேண்டும் என்றும் அவர் வாதாடினார். உயிர்ச்சத்துகளைப் பற்றி அறிவியல் அறிந்திராத காலம் அது! வெறுஞ்சோறே உண்டு வளரும் குழந்தைக்கு ‘ஏ’ உயிர்ச்சத்துக் குறைவால் மாலைக்கண் நோய் வரக்கூடும் என்பதனை இன்று நாம் அறிவோம். அதனைத் தடுக்கும் சத்து முருங்கைக் கீரையில் நிரம்ப உண்டு.

தானியம் எங்கிருந்தும் வரலாம். கீரையோ பக்கத்தில் உள்ளவன் தோட்டத்திலிருந்துதான் வரவேண்டும். இவ்வகை ஈகைக்குத் தமிழ்நாட்டில் நெடுநாளாக விளங்கிவரும் சான்று வடலூர்ச் சத்திய தருமச்சாலை ஆகும். அதனை நிறுவிய இராமலிங்க அடிகள் (1823–1874) இளமையில் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்தவர். திருவொற்றியூர்க் கோயிலுக்குப் பல முறை நடந்து சென்று வழிபட்டவர். பசியால் இளைத்தோரைக் கண்டபோதெல்லாம் அவர் உள்ளம் வாடியது. பின்னர்த் தென்னார்க்காட்டுப் பகுதிக்குச் சென்ற அவர், 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் அச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை இவ்வறத்திற்கென மனமுவந்து அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாது எரிந்து வருகின்றது. சாதியோ சமயமோ கேளாது, வந்தவர்க்கெல்லாம் அங்கே உணவு அளிக்கப்படுகின்றது.

அடுப்பு அணையாதிருப்பதற்கு விறகு மட்டும் போதுமா? உலையில் இடுவதற்கு நாள்தோறும் பொருள் வேண்டும். சுற்று வட்டாரத்து உழவர்கள் தம் நெல்லையும், தோட்டத்துப் பூசணி, கத்தரி முதலிய காய்களையும் கொண்டு வந்து தருவர். தைப்பூசத்தையொட்டி இவை மூட்டை மூட்டையாக வண்டிகளில் வந்து இறங்கும். கொடுப்பவன் பெருஞ்செல்வனாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு பாத்தி உடையவன் ஒரு கூடை தருகிறான். அடிகள் கீரையின் அருமையை நன்கு உணர்ந்தவர் என்பதையும் இங்கே நினைவு கூரலாம். கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் அவர் பெரிதும் போற்றினார்.

கடல் கடந்த நாட்டிலும் இக்கருத்து வேறொரு வடிவில் தோன்றியது. 1995-இல் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில், ஜெஃப் லோவன்ஃபெல்ஸ் என்னும் தோட்டக்கலை எழுத்தாளர் தம் பத்திரிகைப் பகுதியில் ஒரு வேண்டுகோள் விடுத்தார். உங்கள் தோட்டத்தில் ஒரு வரிசை மிகுதியாக நடுங்கள். அவ்வரிசையில் விளைவதை ஊரிலுள்ள இலவச உணவுச்சாலைக்குக் கொடுங்கள் என்பதே அது. மிஞ்சியதைக் கொடுப்பது வேறு; கொடுப்பதற்கென்றே நடுவது வேறு. அமெரிக்கத் தோட்டக்கலை எழுத்தாளர் சங்கம் இதனை ஏற்றுப் பல ஊர்களில் பரப்பியது.

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வரிசை நடுவதற்கு நிலம் எங்கே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கடற்கரை மணல் ஒருபுறம், ஆலைகள் ஒருபுறம். சாம்பலும் எண்ணெயும் கழிவும் படிந்த மண்ணில் விளைந்த கீரையைப் பசித்தவனுக்குக் கொடுப்பது அறமாகாது. நல்ல மண்ணையும் மட்கிய உரத்தையும் தொட்டியிலோ பையிலோ நிரப்பி, மொட்டை மாடியில் பயிரிடுவதே அங்குத் தக்க வழி. மாடித் தோட்டத்திற்கு வேண்டிய பொருள்களை மானிய விலையில் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2013-ஆம் ஆண்டளவில் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. மண் தூய்மையாக உள்ள பள்ளி வளாகமாயின் முருங்கை நடலாம். அது மணற்பாங்கான நிலத்திலும் செழிக்கும். 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு பரவியபோது ஊராரும் பொருள் தந்து உதவினர். சத்துணவு மையங்கள் பலவற்றின் அருகில் காய்கறித் தோட்டம் போடும் வழக்கமும் பிற்காலத்தில் ஏற்பட்டது.

முளைக்கீரை விதைத்த 25 நாட்களில் பறிப்புக்கு வந்துவிடும். மாடியில் நான்கு தொட்டி வைத்திருப்பவர், நான்கிலும் ஒரே நாளில் விதைத்தால் கீரை முழுதும் ஒரே நாளில் வந்து குவியும். வாரத்திற்கு ஒரு தொட்டியாக விதைத்தால் வாரந்தோறும் ஒரு தொட்டிக் கீரை கிடைக்கும். அண்டை வீட்டார் நால்வர் கூடி நாள் குறித்துக் கொண்டால் ஒரு சிறிய சமையற்கூடத்தின் ஒரு வேளைப் பொரியலுக்கு அது ஆகும். சமையல் செய்வோரிடம் எந்த நாளில் எவ்வளவு வேண்டும் என்று முன்னரே கேட்டறிந்து, அந்நாள் விடியலில் பறித்து, ஈரத்துணி போர்த்திக் கொண்டு சென்று சேர்த்தல் வேண்டும்.