‘எப்லி’ முடிந்து வீட்டுக்கு வந்தாச்சா?

உள்காதில் இருக்கும் சின்னஞ்சிறு கால்சியம் துகள்கள் இடம் பெயர்ந்தால், புரண்டு படுத்தாலே உலகம் சுற்றும். தலையைத் திருப்பிப் படுக்கவைத்து அவற்றைப் பழைய இடத்துக்குத் தள்ளுவதுதான் ‘எப்லி’ சிகிச்சை. அது முடிந்து வந்தவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம். துணைக்கு ஒருவர் இருக்கட்டும்.

2. ‘ரெண்டு நாள் உட்கார்ந்தேதான் தூங்கணும்’ என்று யாராவது சொல்வார்கள். முன்பு டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். பெரிய பலன் இல்லை என்று தெரிந்த பிறகு, 2017-ல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலே அந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்றுவிட்டது. உங்கள் டாக்டர் தனியாக எதுவும் சொல்லாதவரை வழக்கம்போல் படுக்கலாம்.

3. சுற்றல் நின்ற பிறகும் லேசாகத் தள்ளாடும். தரை மெத்தென்று இருக்கும். சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள்கூட இப்படி இருக்கும். சிகிச்சை பலிக்கவில்லை என்று பதறாதீர்கள். பயந்துபோய்த் தலையை அசைக்காமல் படுத்தே கிடந்தால்தான் இது இழுத்தடிக்கும். வீட்டுக்குள் நடங்கள். மாலையில் யார் கையையாவது பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய் வாருங்கள்.

4. எழும்போது ஒருக்களித்து, கையூன்றி உட்கார்ந்து, சற்று நேரம் கழித்து நில்லுங்கள். பாத்ரூம் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். நழுவும் மிதியடியை எடுத்துவிடுங்கள்.

5. தினமும் எடுக்கும் டப்பாக்களை மேல் அலமாரியிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். பரணில் ஏறுவதும் ஸ்டூலில் நின்று ஃபேன் துடைப்பதும் வீட்டில் மற்றவர்கள் பாடு. அவர்களுக்கும் கை கால் இருக்கிறது.

6. சலூனில் கழுத்தை நெட்டி முறிப்பது, பார்லரில் தலையைப் பின்னால் சாய்த்து அலசுவது இப்போதைக்கு வேண்டாம்.

7. ‘எல்லாம் பித்தம்’ என்று இஞ்சிச்சாறு தருவார்கள். குமட்டலுக்கு இதம், அவ்வளவுதான். தலைசுற்றல் மாத்திரையும் துகளை நகர்த்தாது. அது தரும் தூக்கக் கலக்கத்தில் பெரியவர்கள் விழுந்துவிடக்கூடும். மீதி இருக்கிறதே என்று நீங்களாகத் தொடராதீர்கள்.

8. பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், திடீரென்று கடுமையான தலைவலி, நிற்கவே முடியாமை: இவை காது சமாச்சாரம் அல்ல. உடனே 108-ஐ அழையுங்கள்.

9. ஒரு வாரமாகியும் புரண்டால் சுற்றுகிறதா? மறுபடி ‘எப்லி’ தேவைப்படுவது சகஜம். சில வருடம் கழித்தும் திரும்ப வரலாம். எந்தக் காது என்று டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கி, போனில் படம் எடுத்து வையுங்கள்.