பின்வரிசை தேறுமா?

கேள்வி: எங்கள் கல்லூரி கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர்களில் மூவர் படிப்பை முடித்துவிட்டார்கள். வரும் சீசனில் எங்கள் டிஃபென்ஸ் தாங்குமா?
– ஒரு மாணவர், ஒரகடம்

பதில்: தாங்கும். ஆனால் முதல் சில ஆட்டங்களில் கோல் வாங்கத்தான் செய்வீர்கள். ஒருவர் பந்தை நோக்கிப் பாய்ந்தால் பக்கத்தில் நிற்பவர் சொல்லாமலே பின்னிறங்கி இடத்தை மூட வேண்டும். அந்தப் பழக்கம் சேர்ந்து ஆடித்தான் வரும். நால்வரை இப்போதே முடிவு செய்து மாற்றாமல் ஆடவிடுங்கள். அதில் ஒருவராவது முதலாண்டு மாணவராக இருக்கட்டும். சீனியர்களைப் பக்கத்துக் கார் ஆலைகள் பயிற்சிக்கு அழைத்தால் போய்விடுவார்கள். பிழைப்பு, குறை சொல்ல முடியாது.

2019இல் விதி மாறியதிலிருந்து கோல்கிக்கைப் பெனால்டி பகுதிக்குள்ளேயே வாங்கலாம். டிவியில் பார்க்க அழகுதான். மேடுபள்ளமான கல்லூரி மைதானத்தில் அந்த வேலை வேண்டாம், ஓங்கி உதையுங்கள்.

உயரமான பையன் இருந்தால் கார்னருக்கு முன்னே அனுப்புங்கள். 2018 மார்ச் 17இல் பெங்களூருவில் நடந்த ஐஎஸ்எல் இறுதியாட்டத்தைச் சென்னையின் எஃப்சி 3-2 என வென்றபோது, இரண்டு கோல்களைத் தலையால் முட்டிப் போட்டவர் தடுப்பாட்டக்காரர் மெய்ல்சன் ஆல்வ்ஸ். உங்கள் பையன் முன்னே போகும்போது பின்னால் இருவரை நிறுத்த மட்டும் மறக்காதீர்கள்.