வீட்டில் தூண்டிற் பட்டறை

கடற்கரைக் கிராமங்களில் வலை முடைவதையும் வலையைப் பழுது பார்ப்பதையும் ஒரு தொழிலாக யாவரும் மதிக்கின்றனர். தூண்டில் கட்டுவதற்கு அம்மதிப்புக் கிடைப்பதில்லை. கடலுக்குப் போகும் முன்னிரவில், வாசற்படியில் அமர்ந்து, கால் பெருவிரலில் நரம்பை மாட்டி இழுத்து, அவசரமாக முடிந்துகொள்ளும் வேலையாகவே அது நடந்து வருகிறது. முடிச்சின் குறை கடலில்தான் தெரிகிறது. அப்போது மீனும் போய் முள்ளும் போய்விடுகிறது.

இதனினும் பெரிய நஷ்டம் கரையில் உண்டு. கட்டிய தூண்டில்களை வியாபாரியிடம் கடனாக வாங்குபவர், பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க நேரிடுகிறது. இக்கடனுக்கு வட்டி என்று எதுவும் எழுதப்படுவதில்லை. அது மீன் விலையில் கழிந்துவிடுகிறபடியால், தாம் கொடுக்கும் வட்டி விகிதம் என்னவென்று வாங்கியவருக்கே தெரியாது. சென்னை மாகாணத்தில் விவசாய பாங்குகளைப் பற்றி 1895, 1897-ம் ஆண்டுகளில் அறிக்கை எழுதிய சர் பிரடெரிக் நிக்கல்சனே 1905-ம் ஆண்டில் மாகாணத்தின் மீன் தொழிலை ஆராயவும் அமர்த்தப்பட்டார். கடனும் மீனும் எவ்வளவு நெருங்கியவை என்பதை அவர் அறியாதவரல்லர்.

தூண்டிற் பட்டறைக்குத் தனி அறை வேண்டியதில்லை. வெளிச்சமுள்ள திண்ணையும், ஐந்தடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உள்ள ஒரு பலகையும் போதும். சம்மணமிட்டு அமர்வோருக்குப் பலகை ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் இருத்தல் நலம். மேற்பரப்புக்கு வெள்ளை வர்ணம் பூசுக. வெள்ளைப் பின்னணியில் நரம்பும் முள்ளும் தெளிவாகத் தெரியும். மூன்று பக்கங்களிலும் இரண்டு விரல் உயரத்துக்குச் சட்டம் அடித்துவிட்டால் முள் உருண்டு தரையில் விழாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இச்சட்டம் இன்றியமையாதது. உடைந்த ஒலிபெருக்கியிலுள்ள காந்தத்தைக் கயிற்றில் கட்டி, வேலை முடிந்ததும் தரையெங்கும் ஒருமுறை இழுத்துவிடுதல் நல்ல வழக்கம். குறடு, அரம், கூரிய கத்தி ஆகியவை பலகையிலேயே ஆணியில் தொங்கவேண்டும். அடுக்களைக் கத்தியை இதற்கு எடுப்பதும், இதன் கத்தியை அடுக்களைக்குக் கொண்டுபோவதும் கூடாது.

முள் வாங்குவதில் சங்கங்களே தவறிவிடுவதுண்டு. எண் 1, 2, 3 என ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். 1/0, 2/0 என்று சுழி சேர்த்து எழுதும் வகையிலோ எண் ஏற ஏற முள் பெருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு சற்று மாறுவதால், தமக்கு வேண்டிய ஒவ்வொரு முள்ளிலும் ஒரு மாதிரியைப் பலகையின் ஓரத்தில் பதித்துவைத்து, சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது அதனோடு ஒப்பிட்டுக் கொடுப்பதே உத்தமம்.

பலகையின் உண்மையான பிரயோஜனம் அளவில் இருக்கிறது. ஒரு முனையில் ஓர் ஆணியும், வேண்டிய தூரத்தில் மற்றோர் ஆணியும் அறைந்து, நரம்பை அவற்றினிடையே சுற்றி வெட்டினால் எல்லாக் கிளைகளும் ஒரே நீளமாக அமையும். ஆயிரங்கால் தூண்டிலில் இது முக்கியம். இரண்டு கிளைகளுக்கு நடுவே உள்ள தாய்க்கயிறு, ஒரு கிளை நீளத்தின் இருமடங்குக்கு மேற்படவேண்டும். குறைந்தால் அடுத்தடுத்த முட்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நூறு முள்ளுக்குக் கணக்கிடுவோம். கிளை 2 முழம், இடைவெளி 5 முழம் என்றால் தாய்க்கயிறு 500 முழம் வேண்டும். கிளை ஒவ்வொன்றுக்கும் முடிச்சுகளுக்கென 1 முழம் சேர்த்து 3 முழம் வெட்டினால் 300 முழம். கண்ணளவாக வெட்டும்போது கிளைக்கு ஒரு சாண் வீணாகிறதென்று கொண்டாலும் நூறு கிளைக்கு 50 முழம் குப்பைக்குப் போகிறது. அந்தக் குப்பையும் கடலில் விழலாகாது. ஆமையும் பறவையும் அதில் சிக்கி இறக்கின்றன.

1950-களுக்கு முன்பு பருத்தி நூலும் சணலும் உப்புநீரில் மக்காதிருக்கத் துவர்ச் சாயம் ஏற்றவேண்டியிருந்தது. நைலான் நரம்பு மக்காது. ஆனால் வெயில் அதன் பலத்தைத் தின்றுவிடும். சுருளைத் திண்ணையில் காயவிடாமல் பெட்டிக்குள் வைக்கவேண்டும். முடிச்சை உலர்ந்தபடியே வெடுக்கென்று இழுத்தால் உரசும் சூட்டில் நரம்பு அவ்விடத்தில் நலிந்துவிடும். ஆதலால், முள்ளின் தண்டில் ஆறேழு சுற்றுச் சுற்றி, நீரில் நனைத்து, மெதுவாக இறுக்கி, ஒரு நெல் நீளம் விட்டு நறுக்கவேண்டும். பல்லால் கடிப்பது கூடாது. பத்துக்கு ஒன்றை ஆணியில் மாட்டி, வில் தராசு கொண்டு, நரம்பின் சுருளில் எழுதிய பலத்தில் பாதியளவுக்கு இழுத்துப் பார்க்கவேண்டும். முகத்தை விலக்கிக்கொண்டு இழுக்கவேண்டும். அவிழ்ந்தால், அன்று கட்டிய அனைத்தையும் மறுபடி பார்க்கவேண்டியதுதான்.

இனி ஈயம். தூண்டில் கட்டும் வீடுகளில் மிகுந்த கேடு விளைவிப்பது இதுவே. ஈயம் 327 டிகிரிச் சூட்டில் உருகிவிடுவதால், அடுக்களை அடுப்பே போதுமென்று பலர் அங்கேயே உருக்குகின்றனர். உருகிய ஈயத்தின்மேல் சாம்பல் போல் படிவதும், கரண்டியிலிருந்து உதிர்வதும் நஞ்சேயாகும். அத்தூள் தரையிலும் பாத்திரத்திலும் படிந்து, குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகிறது. உடனே வாந்தியோ காய்ச்சலோ காணாமையால் எவரும் சந்தேகிப்பதில்லை. பள்ளியில் பாடம் ஏறாத பிள்ளையை மந்தபுத்தி என்று வைவார்களேயொழிய, வீட்டு அடுப்பை நினைப்பவர் அரியர். குழந்தைக்குத் தீங்கில்லாத ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. பழைய மோட்டார் பாட்டரியை உடைத்து ஈயம் எடுப்பது இன்னும் கொடிது. அதில் திராவகமும் சேர்ந்திருக்கிறது. ஈரமுள்ள அச்சில் உருகிய ஈயத்தை ஊற்றினால், நீர் ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும்.

எனவே வீட்டுப் பட்டறையில் ஈயம் உருக்கும் வேலைக்கே இடமில்லை. வார்த்த குண்டுகளைச் சங்கத்தின் மூலம் வாங்கலாம். இரும்புத் துண்டும் கூழாங்கல்லும் பல வேலைகளுக்குப் போதும். கடல்நீரில் கல் தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கை இழக்கிறது. ஈயம் பதினொன்றில் ஒரு பங்கையே இழக்கிறது. ஆகையால் 100 கிராம் ஈயத்துக்கு ஈடாக 150 கிராம் கல் வேண்டும். இரும்பாயின் 105 கிராம் போதும்; துருப்பிடிப்பதே அதன் குறை. கல் பருமனாக இருப்பதால் நீரோட்டம் மிகுந்த இடத்தில் இழுபடும். அவ்விடங்களுக்கு மட்டும் ஈயத்தை வைத்துக்கொண்டு, அதைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொடவேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை அமலில் இருக்கிறது. கரையிலிருக்கும் அந்நாட்களே இவ்வேலைக்கு ஏற்றவை. ஆனால் அந்நாட்களில் கையில் பணமும் இராது. வியாபாரியின் கடன் பெரும்பாலும் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறது. அங்கத்தினர்கள் மார்ச்சு மாதக் கூட்டத்திலேயே முள்ளும் நரம்பும் எவ்வளவு வேண்டுமென்று எழுதிக் கொடுத்தால், சங்கம் மொத்தமாக வாங்கித் தடை தொடங்குமுன் பங்கிட்டுக் கொடுக்கவும், விலையை ஜூன் மாதத்துக்குப் பின் மீன் விற்ற பணத்திலிருந்து தவணையாக வசூலிக்கவும் கூடும். தடைக்கு உட்படாத நாட்டுப்படகுக்காரர்கள் தங்கள் பருவத்தைக் கூறித் தனியே கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் பெண்களே முள் கட்டுவார்களாயின் அவர்கள் பேரிலேயே கணக்கு எழுதுவது நியாயம். பலகையோரத்து ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். வாங்கிய முள் எத்தனை, கட்டியது எத்தனை, கடலில் போனது எத்தனை என்ற மூன்று பத்திகள் அதற்குப் போதும்.