வெள்ளியும் பீங்கானும்: அழகான பாத்திரம் வரைவது எப்படி?



என் பாட்டாவின் எண்பதாம் பிறந்தநாளுக்கு உறவினர் ஒருவர் வெள்ளி டம்ளர் கொடுத்தார். நல்ல அழகு. அதில் கருப்பட்டிக் காப்பியை ஊற்றிக் கொடுத்தோம். "ஏல, உதடு சுட்டுட்டுல்லா!" என்று பாட்டா கீழே வைத்துவிட்டார். அன்றோடு டம்ளர் அலமாரிக்குள் போயிற்று. தப்பு யார் மேல்? டிசைன் மேல்தான்!

வெப்பம் கடத்துவதில் உலோகங்களிலேயே முதலிடம் வெள்ளிக்கு. அதன் கடத்துதிறன் சுமார் 429 வாட்/மீட்டர் கெல்வின். பீங்கானுக்கு 1.5 அளவுதான். ஆகவே ஒன்றுக்குப் போட்ட வரைபடம் மற்றதற்கு உதவாது.

1. வெள்ளி

சுத்த வெள்ளி மிருதுவானது. 92.5 சதவீதம் வெள்ளியோடு 7.5 சதவீதம் செம்பு சேர்ந்தால் அது ஸ்டெர்லிங். தகட்டைத் தட்டத் தட்ட இறுகும்; இடையிடையே சூடாக்கி இளக்கவில்லையென்றால் விரிசல் விடும். டம்ளர் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் இரண்டு லாபம்: மெல்லிய தகடு நெளியாது, விரலால் பிடிக்கவும் இடம் கிடைக்கும். ஐரோப்பாவில் வெள்ளித் தேநீர்க் கெண்டிக்கு மரக் கைப்பிடி வைத்ததும் சூட்டுக்காகத்தான்.

2. பீங்கான்

1795 வரை திருவிதாங்கூர் தலைநகராக இருந்த பத்மநாபபுரம் அரண்மனையில், ஊட்டுப்புரையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாயிரம் பேர் சாப்பிடக்கூடிய இடம். அங்கே ஊறுகாய்க்கு வெள்ளிப் பானை வைக்கவில்லை, பெரிய சாடிகளைத்தான் வைத்தார்கள். உப்பு வெள்ளியை அரிக்கும். சாடியின் கிளேஸை உப்பும் புளிப்பும் ஒன்றும் செய்யாது.

பீங்கான் என்பது சீனக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் சேர்ந்த கலவை. சுமார் 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும்போது சுருங்கும். இங்கேதான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம்.

பீங்கான் சர்க்கரைக் கிண்ணத்துக்கு வெள்ளி மூடி போட வேண்டும். சுட்ட பிறகு வாய் விட்டம் 10 செ.மீ. இருக்க வேண்டும் என்று வையுங்கள். சுருக்கம் 12 சதவீதம். உடனே 12 சதவீதம் கூட்டி 11.2 செ.மீ. என்று போடுவோம். தப்பு! 11.2 × 0.88 = 9.86. ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறையும்; மூடி உள்ளே இறங்காது. சரியான கணக்கு: 10 ÷ 0.88 = 11.36 செ.மீ.

இன்னும் இரண்டு விஷயம். சுவர்க் கனம் எங்கும் ஒரே சீராக இருக்கட்டும். இல்லையென்றால் காயும்போதே கோணும். அடிவளையத்தில் கிளேஸைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

3. முடிவாக

பென்சில் எடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கை பிடிக்கும்? எந்த உதடு தொடும்? உள்ளே என்ன இருக்கும்? அழகு அதற்குப் பின்னால் தானே வரும். கோயில் நகைக்கு வெள்ளியில் வேலை செய்கிற கைகள் நம்ம வடசேரியிலேயே இருக்கின்றன. சரியான வரைபடம் கொடுப்பது நம் பொறுப்பு.

பாட்டாவுக்கு இப்போது பீங்கான் கோப்பையில்தான் காப்பி. விளிம்பு மடித்த டம்ளரும் டவராவும் என் டிராயிங் ஷீட்டில் தயார். குடித்துப் பார்த்து மார்க் போடப் போகிறவர் அவர்தான்!

– இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்