காபி விலையும் விமான நிலையக் கணக்கும்

கேள்வி: டிக்கெட்டிலேயே பயணிகளிடம் ஒரு கட்டணம் பிடிக்கிறார்கள். உள்ளே காபி விலை கேட்டால் தலை சுற்றுகிறது. பிறகும் விமான நிலையங்கள் நஷ்டம் என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் வேறு வேறு கணக்கு. விமானம் இறங்க, நிறுத்த, பயணி உள்ளே வந்து போக வாங்கும் கட்டணங்களைப் பெரிய நிலையங்களில் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. போட்ட முதலுக்கு நியாயமான வருவாய் கிடைத்தால் போதும் என்பது விதி. கடை, விளம்பரம் போன்றவற்றுக்கு இந்தக் கடிவாளம் இல்லை. அந்த வருமானத்தில் 30 சதவீதத்தைக் கொண்டு பயணிகள் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்கிறது 2016 விமானப் போக்குவரத்துக் கொள்கை. மீதி நடத்துபவருக்கு. காபி ஏன் கசக்கிறது என்று புரிகிறதா?

நஷ்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். டெல்லி நிலையம் மொத்த வருவாயில் 45.99 சதவீதத்தை அரசின் விமான நிலைய ஆணையத்துக்குத் தர ஒப்புக்கொண்டது. கவனியுங்கள், லாபத்தில் அல்ல, வருவாயில்! உங்களுக்குப் பக்கத்திலுள்ள திருவனந்தபுரத்தில் முறை வேறு: பயணி ஒருவருக்கு இவ்வளவு தருவதாக ஏலம். 2019-இல் அதானி குழுமம் 168 ரூபாய் கேட்டது. கேரள அரசு நிறுவனம் 135-இல் நின்றது.

இனி? கூட்டம் கூடும், சந்தேகமில்லை. ஆனால் புதிய முனையம் கட்டினால் அந்தச் செலவும் கட்டணக் கணக்கில்தான் ஏறும். டிக்கெட்டில் அந்தக் கட்டணம் குறையும் என்று நான் நம்பவில்லை.