“சளிக்காய்ச்சலுக்கெல்லாம் ஊசியா?” என்று கேட்கும் பெரியவர்களுக்கு

ஜொகூர் பாருவில் ஏதோ ஒரு தாமான் வீடு. மகள் கைப்பேசியில் மைசெஜாத்ராவைத் திறந்து, “அப்பா, இன்ஃபுளுவென்சா ஊசிக்கு உங்க பேரைப் பதிஞ்சிடட்டுமா?” என்கிறாள். அப்பா நாளிதழை மடக்காமலே பதில் சொல்கிறார்: “சளிக்காய்ச்சலுக்கெல்லாம் ஊசியா? கோவிட் ஊசி போட்டதே போதும். விடியக்காலையில பனியில நின்னு பால்மரம் வெட்டினவன் நான்.” மகள் வற்புறுத்துகிறாள், அப்பாவின் குரல் உயர்கிறது. “விடும்மா, அவருக்கு இஷ்டமில்லன்னா விட்டுடு” என்று அம்மா முடித்து வைக்கிறார். அம்மாவும் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை என்பதை அந்த வீட்டில் யாரும் கவனிப்பதில்லை.

இந்த உரையாடலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு பக்கத்தை நீங்களே பேசியும் இருக்கலாம். வேண்டாம் என்று சொல்பவரிடம் காரணங்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சளி வேறு, இன்ஃபுளுவென்சா வேறு

நம் பேச்சு வழக்கில் இரண்டையும் “சளிக்காய்ச்சல்” என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சாதாரணச் சளி மெல்ல வரும். மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும், கோடாலித் தைலம் தடவிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். இன்ஃபுளுவென்சா அப்படி வராது. காலையில் சந்தைக்குப் போனவர் மாலையில் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவார். கடும் காய்ச்சல், அடித்துப் போட்டதுபோல் உடல் வலி, வறட்டு இருமல், பல நாள் நீடிக்கும் சோர்வு.

வயதானவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. சிலருக்குக் காய்ச்சலே பெரிதாக அடிக்காது. சாப்பாடு பிடிக்காது, பேச்சு தடுமாறும், கழிவறைக்குப் போகும்போது விழுந்துவிடுவார். வீட்டில் உள்ளவர்கள் “வயசாயிடுச்சு, அதான்” என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆபத்து நுரையீரலோடு நிற்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, இன்ஃபுளுவென்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு கூடுவதைக் கண்டது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்தக் காய்ச்சலில் சர்க்கரை அளவு ஏறிவிடும். இருதயம், சிறுநீரகம், ஆஸ்துமா என்று ஏற்கெனவே எந்த நோய் இருந்தாலும் அது மோசமாகலாம். அதனால்தான் “இன்ஃபுளுவென்சாவால் இறந்தார்” என்று நாம் சொல்லக் கேட்பதே அரிது. “நல்லாத்தான் இருந்தார், ரெண்டு நாள் காய்ச்சல், அப்புறம் ஹார்ட் அட்டாக்” என்றுதான் சொல்வோம். உலக அளவில் ஆண்டுதோறும் 2 லட்சத்து 90 ஆயிரம் முதல் 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் வரை இந்நோயின் சுவாசக் கோளாறுகளால் மட்டும் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இருதயத்தால் போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி. 1918இல் உலகைச் சுற்றிய பெருங்காய்ச்சல் இன்ஃபுளுவென்சாதான். அது மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குள்ளும் புகுந்தது. லயங்களில் நெருங்கி வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் மாண்டார்கள். அன்று தடுப்பூசி இல்லை. அந்தக் கிருமியையே 1933இல்தான் மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தார்கள். 1940களிலிருந்து தடுப்பூசி பயன்பாட்டில் உள்ளது. ஆகவே “இது கோவிட் மாதிரி புது ஊசி” என்ற எண்ணம் சரியல்ல. இதைப் படிக்கும் பலரின் வயதைவிட இந்த ஊசிக்கு வயது அதிகம்.

“நான்தான் வெளியிலேயே போறதில்லையே”

நம் நாட்டில் குளிர்காலம் இல்லை. அதனால் இன்ஃபுளுவென்சாவுக்கு இங்கே தனிப் பருவமும் இல்லை. ஆண்டு முழுவதும் இருக்கும், இடையிடையே சட்டென்று உயரும். 2025 அக்டோபரில் அப்படி உயர்ந்தபோது, ஒரு வாரத்தில் 14 ஆக இருந்த தொற்றுத் திரள்கள் அடுத்த வாரமே நாடு முழுவதும் 97 ஆயின. பெரும்பாலானவை பள்ளிகளிலும் பாலர் பள்ளிகளிலும் ஏற்பட்டவை.

இதில் உங்களுக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஜொகூர் பாருவில் எத்தனையோ வீடுகளில் மகனும் மருமகளும் விடிவதற்குள் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும், திரும்பி வந்தால் சோறு ஊட்டுவதும், காய்ச்சல் என்றால் மடியில் போட்டுக்கொள்வதும் தாத்தா பாட்டிதான். பிள்ளை இருமுவது உங்கள் முகத்துக்கு நேரே. மகனோ நெரிசலான பேருந்திலும் குடிநுழைவு வரிசையிலும் தினமும் நின்றுவிட்டு வருகிறார். நீங்கள் வாசற்படி தாண்டாவிட்டாலும் கிருமி உங்களைத் தேடி வருகிறது.

ஊசியைப் பற்றிச் சொல்லப்படுபவை

“ஊசி போட்டா காய்ச்சல் வருது.” இதில் ஓரளவு உண்மை உண்டு. கை வலிக்கும், சிலருக்கு ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் அசதியும் இருக்கும். பனடோல் போதும். ஆனால் கையில் போடும் இந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அதனால் ஊசியே இன்ஃபுளுவென்சாவை உண்டாக்க முடியாது. உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாகச் சுமார் 2 வாரம் ஆகும். அதற்குள் கிருமி தொற்றினாலோ வேறு சளி பிடித்தாலோ, பழி ஊசிமேல் விழுகிறது.

“போட்டவருக்கும் வந்துச்சே.” வரலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஊசியும் பரவும் கிருமியும் நன்கு பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரிடம் போகும் அளவுக்கான நோயை இது பொதுவாக 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கிறது. வயதானவர்களிடம் பலன் இன்னும் சற்றுக் குறையலாம். ஆனால் மருத்துவமனைப் படுக்கை வரை போகும் நிலையும் குறைகிறது, பெரியவர்களுக்கு அதுதான் முக்கியம். மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டும் மகனைத் தலைக்கவசம் போடச் சொல்கிறீர்கள். அது விபத்தைத் தடுக்கும் என்று நினைத்தா சொல்கிறீர்கள்?

“போன வருஷம் போட்டாச்சு.” இந்தக் கிருமி உருமாறிக்கொண்டே இருக்கிறது, போன ஊசியின் பாதுகாப்பும் மாதங்கள் போகப் போகக் குறைகிறது. அதனால்தான் எந்த வகைக் கிருமிகளை ஊசியில் சேர்ப்பது என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் பரிந்துரைக்கிறது. கோவிட் ஊசி இதற்கு உதவாது. அது வேறு கிருமிக்கானது.

“அதுல முட்டை இருக்காமே.” சைவம் கடைப்பிடிப்பவர்கள் இதைத் தயங்கித்தான் கேட்கிறார்கள், சிலர் கேட்காமலே மறுத்துவிடுகிறார்கள். உண்மை இதுதான்: பெரும்பாலான இன்ஃபுளுவென்சா ஊசிகளுக்கான கிருமி கோழி முட்டையில் வளர்க்கப்பட்டு, பின்பு சுத்திகரிக்கப்படுகிறது. மிகச் சிறு எச்சம் மிஞ்சலாம். முட்டை இல்லாமல் தயாரிக்கும் வகைகளும் உலகில் உண்டு. அவை இங்கே கிடைக்குமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். முடிவு உங்களுடையது. விரத மாதம் முடியட்டும் என்று நினைத்தால் அதிலும் தவறில்லை, ஆனால் முடிந்ததும் எந்தத் தேதி என்பதை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

“வயசாயிடுச்சு, போற உயிர் போகட்டும்.” இதற்குத்தான் பதில் சொல்வது கடினம். பிள்ளைகள் இதைக் கேட்டதும் அழுகிறார்கள் அல்லது கோபப்படுகிறார்கள். ஆனால் இன்ஃபுளுவென்சா எப்போதும் சொன்னபடி உயிரை எடுத்துக்கொண்டு போவதில்லை. பல நேரங்களில் 2, 3 வாரம் படுக்கையில் போட்டுவிட்டுப் போகிறது. முதுமையில் சில நாள் படுத்தாலே கால் தசை வற்றத் தொடங்கும். தானாக நடந்து கோயிலுக்குப் போய்வந்தவர் குளியலறைக்குப் போகவே ஒருவர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கும். பழைய நடை சிலருக்குத் திரும்புவதே இல்லை. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பதுதான் உங்கள் கவலை என்றால், ஊசியைப் போட்டுக்கொள்ள அதுவே காரணமாகலாம்.

வீட்டில் ஒருவர் மறுத்தால்

நீங்கள் போட்டுக்கொண்டு உங்கள் கணவரோ அக்காளோ மறுக்கிறார்களா? மருமகன், பேரப்பிள்ளைகள் முன்னால் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். நாலு பேர் முன்னால் “மாட்டேன்” என்று சொல்லிவிட்ட பெரியவர் பிறகு மாறுவது மிகவும் கடினம். தனியாக இருக்கும்போது, “எது உங்களுக்குப் பயமா இருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். காரணம் ஊசி வலியாக இருக்கலாம், முன்பு எப்போதோ ஏற்பட்ட மயக்கமாக இருக்கலாம், கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவார் என்ற கவலையாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் காரணம் என்றால், இனிப்பு நீர் மாத்திரை வாங்கப் போகும் நாளிலேயே ஊசிக்கும் கேட்டுப் பாருங்கள், ஒரே பயணத்தில் முடியலாம். பிள்ளைகள் சொல்லிக் கேட்காதவர், ஏற்கெனவே போட்டுக்கொண்ட பழைய தோழர் சொன்னால் கேட்பதும் உண்டு. அப்படியும் மறுத்தால் விட்டுவிட்டு, அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள். அதுவரை வீட்டில் மற்றவர்கள் போட்டுக்கொள்ளுங்கள், இருமல் உள்ளவர் பெரியவர் அருகில் முகக்கவசம் அணியட்டும்.

எங்கே, எப்படி?

60 வயதும் அதற்கு மேலும் ஆகி, இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இருதய நோய் போன்ற நாட்பட்ட நோய் ஒன்றாவது உள்ள குடிமக்களுக்கு, சுகாதார அமைச்சின் திட்டத்தின்கீழ் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் இந்த ஊசி இலவசம். முன்பதிவு மைசெஜாத்ரா வழியாகச் செய்யப்படுகிறது. கைப்பேசி பழக்கமில்லை என்றால் பேரப்பிள்ளையிடம் சொல்லுங்கள், அல்லது வழக்கமாக மருந்து வாங்கும் கிளினிக்கின் முகப்பில் கேளுங்கள். தனியார் கிளினிக்குகளிலும் கட்டணத்துக்குக் கிடைக்கும்.

அடையாள அட்டையையும் மருந்துப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். தோள் வரை சுருட்டக்கூடிய சட்டை நல்லது. பின்வருவனவற்றில் ஏதாவது இருந்தால் ஊசிக்கு முன்பே தாதியிடம் சொல்லிவிடுங்கள்: அன்று காய்ச்சல், முன்பு ஊசிக்குக் கடும் ஒவ்வாமை, முட்டை ஒவ்வாமை, கீலன் பாரே எனும் நரம்பு நோய், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஊசி போட்ட இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் போதும். தாதி போகச் சொல்லும் வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

ஊசி போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி, திடீரென்று கடும் காய்ச்சலும் உடல் வலியும் வந்தால் கசாயத்தோடு காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இன்ஃபுளுவென்சாவுக்கான கிருமி எதிர்ப்பு மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலமாவது, ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது, எழுப்பினாலும் எழாத தூக்கம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே 999ஐ அழையுங்கள்.