உம்மம்மாவின் கையும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

உங்களுக்குப் பிடித்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள் என்று பொது ஆங்கிலப் பாடத்தில் ஆசிரியை கூறினார். நான் என் உம்மம்மாவைப் பற்றி எழுதினேன். பன்பாய் இழைத்து என் உம்மாவையும் மாமாமாரையும் ஆளாக்கியவர் அவர். அதனால் அவருடைய கைகள் சொரசொரப்பாகிவிட்டன. அகராதியில் தேடியபோது 'கோர்ஸ்' என்ற சொல் கிடைத்தது. கையைச் சொல்ல நினைத்த நான், "மை கிராண்ட்மதர் இஸ் எ கோர்ஸ் வுமன்" என்று எழுதிவிட்டேன்.

கொப்பி திரும்பி வந்தபோது அந்த வாக்கியத்தின் கீழே சிவப்புக் கோடு இருந்தது. ஆசிரியை என்னை அருகில் அழைத்து, "உங்கட உம்மம்மா கெட்ட வார்த்தை பேசுவாவா?" என்று மெதுவாகக் கேட்டார். என் கண் கலங்கிவிட்டது. யாரையும் கடிந்து ஒரு சொல் பேசாதவர் என் உம்மம்மா.

அன்று மாலையே அச்சொல்லை ஒழுங்காகப் படித்தேன். நீங்களும் என்னைப் போல் தவறக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

'கோர்ஸ்' என்றால் பரும்படியானது. மணியோ இழையோ பெரிதாக இருப்பது. மா அரிக்கும்போது அரிதட்டில் தங்குவது கோர்ஸ், கீழே விழுவது ஃபைன். கல்லுப்பு கோர்ஸ், தூளுப்பு ஃபைன். தச்சர் பாவிக்கும் மண்தாளில் 60ஆம் இலக்கம் கோர்ஸ், 220ஆம் இலக்கம் ஃபைன். இலக்கம் கூடக் கூட மணி சிறிதாகும்.

'ரஃப்' என்பது வேறு. அது மேற்பரப்பு மேடுபள்ளமாக இருப்பதைக் குறிக்கும். அதன் எதிர்ச்சொல் 'ஸ்மூத்'. கொந்தளிக்கும் கடலும் ரஃப்தான். உத்தேசமான கணக்கும் ரஃப்தான். இவ்விரண்டு இடங்களிலும் கோர்ஸ் பொருந்தாது.

தோலைப் பற்றிக் கூறும்போது இரு சொற்களும் வரலாம். ஆனால் ஓர் ஆளையோ பேச்சையோ கோர்ஸ் என்றால் பண்பற்ற, ஆபாசமான என்று பொருளாகிவிடும். நான் தவறியது இந்த இடத்தில்தான்.

எழுத்திலும் கவனம் தேவை. பாடநெறியைக் குறிக்கும் 'கோர்ஸ்' என்ற சொல்லுக்கும் இதே ஒலிதான். அதில் ஓவுக்கு அடுத்து யூ வரும். நம் சொல்லில் ஏ வரும்.

எனவே தோழியரே, அகராதியில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எதிர்ச்சொல்லையும் உதாரண வாக்கியத்தையும் பாருங்கள். அந்தச் சொல் பொருளுக்கு வருமா, ஆளுக்கு வருமா என்றும் பாருங்கள்.

என் வாக்கியத்தை, "ஹெர் ஹேண்ட்ஸ் ஆர் ரஃப், பட் ஹெர் வேர்ட்ஸ் ஆர் ஜென்டில்" என்று திருத்தினேன். கைகள் சொரசொரப்பு, சொற்கள் மென்மை என்று உம்மம்மாவுக்குப் பொருள் சொன்னேன். அவர் பன்னைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"இந்தக் கையப் பத்தி எழுத என்ன கிடக்கு புள்ள?" என்று சிரித்தார்.